செர்தா அளந்த காற்று

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல் வகுப்பில் சங்கப் பாடல்களின் நகர வருணனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அகன்ற தெரு, உயர்ந்த மாடம், கொடி பறக்கும் அங்காடி. பின்வரிசை மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "ஐயா, இது நிஜமான ஊரா, கம்ப்யூட்டரில் போட்டதா?" என்று கேட்டார். வானிலிருந்து எடுத்த படம். மூலை சீவிய பர்ஃபித் துண்டுகளைத் தட்டு நிறைய அடுக்கி வைத்தாற்போல், ஒரே அளவான நூற்றுக்கணக்கான கட்டங்கள். அது ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரம். நிஜமான ஊர்தான் என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். ஆனால் படம் மனத்தைவிட்டுப் போகவில்லை. அந்தக் கட்டங்களை வரைந்தவர் யார் என்று தேடப்போய், அடுத்த சில வாரங்கள் அதிலேயே கழிந்தன. அழகைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது ஒரு சாவுக் கணக்கு.

நகரத்தின் வடிவத்தை அளக்கலாம், அளந்தபின் வகைபிரிக்கலாம் என்பது இன்று தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. தெருவின் அகலம், கட்டத்தின் பரப்பு, கட்டடத்தின் உயரம், எத்தனை பங்கு திறந்தவெளி என்பனவெல்லாம் எண்களாகிவிட்டன. இந்த வேலையை ஒரு நகரம் முழுமைக்கும் பிடிவாதமாகச் செய்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர் இல்டெஃபோன்ஸ் செர்தா. 1815இல் கட்டலோனியாவின் சென்டெல்லஸ் என்ற ஊரில் பிறந்தவர். பண்ணைவீட்டுப் பிள்ளை, தொழிலால் பொறியாளர்.

செர்தாவைப் புரிந்துகொள்ள மதிலைப் புரிந்துகொள்ள வேண்டும். 1714இல் பூர்பன் அரசப் படைகளிடம் வீழ்ந்தது பார்சலோனா. வென்றவர்கள் லா ரிபேரா என்ற பகுதியின் பெரும்பங்கை இடித்து, நகரைப் பார்த்துப் பீரங்கி திரும்பும்படி ஒரு கோட்டையைக் கட்டினார்கள். சுமார் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள மதில் நகரைச் சுற்றி இருந்தது. மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை, வீடு கட்டத் தடை. நூற்று நாற்பது ஆண்டுகள் இந்தத் தடை நீடித்தது. இதற்கிடையில் நீராவி ஆலைகள் வந்தன, நெசவாலைகள் பெருகின, கிராமங்களிலிருந்து மக்கள் வந்து குவிந்தனர். வெளியே போக முடியாத நகரம் மேலே போயிற்று. மாடிமேல் மாடி, தெருவின்மேல் வளைவு கட்டி அதன்மேலும் அறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 1,87,000 பேர் அந்த மதிலுக்குள் வாழ்ந்தார்கள். ஹெக்டேருக்கு 850 பேருக்கும் மேல். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கரில் எண்ணூற்றைம்பது பேர், அதிலேயே ஆலை, அதிலேயே தேவாலயம், அதிலேயே தெரு.

1841இல் நகரசபை ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. மதிலை இடிப்பதால் நகருக்கு என்ன நன்மை என்பது பொருள். பெரே ஃபெலிப் மொன்லாவு என்ற மருத்துவர் மதில் ஒழிக என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். பரிசு கிடைத்ததே தவிர மதில் அசையவில்லை. 1854இல் காலரா வந்தது. அந்த ஆண்டில்தான் இடிக்க அனுமதியும் வந்தது. கடப்பாரையும் மண்வெட்டியுமாக மக்களே திரண்டு போனார்கள் என்று படிக்கிறோம்.

செர்தா அப்போது அரசுப் பணியில் இல்லை. அண்ணன்மார் இறந்து குடும்பச் சொத்து அவர் கைக்கு வந்ததால் 1849இலேயே பொறியாளர் வேலையை உதறிவிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சின் தெற்கே நீம் நகரில் ரயிலிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்த்திருந்தார். ஊர்கள் எல்லாம் வண்டிமாட்டின் வேகத்துக்குக் கட்டப்பட்டவை, இனி வரப்போவது வேறு வேகம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. எஞ்சிய ஆயுளும் கையிலிருந்த செல்வமும் இந்த ஒரு சிந்தனைக்கே செலவாயின. பிற்காலத்தில் குடும்ப வாழ்வும் குலைந்தது. அவருடைய மகள்களில் ஒருவர் எஸ்மெரால்தா செர்வாந்தேஸ் என்ற பெயரில் ஐரோப்பா அறிந்த யாழ்க் கலைஞரானார் என்பது தனிக் கதை.

1855இல் மதிலுக்கு வெளியே கிடந்த சமவெளி முழுவதையும் அளந்து, உயர வேறுபாட்டை மீட்டர் மீட்டராகக் காட்டும் நிலப்படம் ஒன்றைத் தயாரித்தார். அடுத்த ஆண்டு அவர் செய்தது அதைவிட அரிய காரியம். மண்ணை அளந்தவர் மனிதரை அளக்கப் புறப்பட்டார். பார்சலோனாவின் தொழிலாளர் வாழ்க்கை குறித்து ஒரு புள்ளிவிவரத் தொகுப்பைத் தயாரித்தார். எந்தத் தொழில் செய்பவர் என்ன கூலி வாங்குகிறார், ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, வாடகை எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, வீட்டின் அறைகள் எத்தனை, அவற்றில் காற்று எத்தனை கன மீட்டர் என்பவையெல்லாம் அட்டவணைகள் ஆயின.

அட்டவணைகளை வாசிக்கப் பழகாதவர்களுக்கு (என்னைப் போன்ற தமிழாசிரியர்களுக்கு) அது உலர்ந்த நூலாகத் தோன்றக்கூடும். ஆனால் அதன் முடிவுகள் உலர்ந்தவை அல்ல. செல்வர்களின் சராசரி ஆயுள் 36 ஆண்டுகள். தொழிலாளர்களுக்கு 23. தெரு குறுகக் குறுகச் சாவு கூடியது. சதுர மீட்டர்க் கணக்கில் பார்த்தால், இருண்ட அறையில் வாழும் ஏழை, ஒளியுள்ள மாளிகையில் வாழும் செல்வரைவிடக் கூடுதல் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழ்மை கொல்கிறது என்று எல்லோரும் சொல்லிவந்த காலத்தில், கொல்வதில் கட்டடத்தின் வடிவத்துக்கும் பங்குண்டு என்று இவர் காட்டினார். வடிவம் கொல்லுமானால் வடிவத்தை மாற்றலாம். அந்த எண்ணத்திலிருந்துதான் கைப்பேசியில் கண்ட கட்டங்கள் பிறந்தன.

கட்டத்தின் கணக்கைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தின் பக்கம் 113.3 மீட்டர். தெருவின் அகலம் 20 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 133.3. மூன்று கட்டமும் மூன்று தெருவும் சேர்ந்தால் சரியாக 400 மீட்டர். அதாவது 400 மீட்டர்ச் சதுரத்தில் ஒன்பது கட்டங்கள். இருபது மீட்டர்த் தெருவில் நடுவே பத்து மீட்டர் வண்டிக்கு, இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் நடப்பவருக்கு. தெருவில் சரிபாதி கால்நடையாகப் போகிறவனுக்குச் சொந்தம் என்று 1859இல் ஒருவர் முடிவு செய்திருக்கிறார். நடைபாதையைத் தேடி நடக்கவேண்டிய ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

கட்டத்தின் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் அழகு அன்று. நீராவியால் ஓடும் வண்டிகள் ஒருநாள் தெருக்களில் வரும், அவை திரும்ப இடம் வேண்டும், எதிரே வருவது தெரியவேண்டும் என்று கருதினார். மோட்டார் கார் தோன்றாத காலம் அது. கட்டங்களின் மூலைகள் ஏறத்தாழ வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு நோக்கி இருக்குமாறு முழு வலையையும் திருப்பி வைத்தார். அதனால் ஒவ்வொரு சுவரிலும் நாளின் ஏதாவதொரு வேளையில் வெயில் படும்.

எல்லாவற்றினும் முக்கியமானது இனிமேல்தான். நான்கு பக்கங்களில் இரண்டில் மட்டுமே கட்டடம் எழுப்பலாம், உயரம் 16 மீட்டருக்கு மிகக்கூடாது, நடுவிலும் மற்ற பக்கங்களிலும் தோட்டம் என்பது அவர் திட்டம். சில இடங்களில் இரண்டு கட்டடங்கள் எதிரெதிராக நிற்கும், சில இடங்களில் 'ட' போல ஒட்டி நிற்கும். அடுத்தடுத்த கட்டங்களின் தோட்டங்கள் தெருவைத் தாண்டி ஒன்றோடொன்று தொடர்ந்து போகும். இருபத்தைந்து கட்டத்துக்கு ஒரு பள்ளியும் தேவாலயமும், நூறு கட்டத்துக்கு ஒரு சந்தை, நானூறு கட்டத்துக்கு ஒரு மருத்துவமனை. செல்வருக்கு ஒரு பகுதி, ஏழைக்கு ஒரு பகுதி என்ற பிரிவினை இல்லை. எல்லாக் கட்டங்களும் ஒன்றுபோல இருந்ததற்கு இதுவே காரணம். சலிப்பூட்டும் ஒருமை என்று பின்னால் வந்தவர்கள் ஏளனம் செய்தது இதைத்தான்.

ஏளனம் தொடக்கத்திலேயே எழுந்தது. 1859 ஜூனில் மாட்ரிட் நடுவணரசு செர்தாவின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பார்சலோனா நகரசபை பொறுக்குமா? தானே ஒரு போட்டி நடத்தி, அந்தோனி ரொவிரா இ த்ரியாஸ் என்ற கட்டடக் கலைஞருக்குப் பரிசளித்தது. அவருடைய வரைபடத்தில் பழைய நகரம் நடுவில் இருக்க, விசிறி மடிப்புகள்போல் தெருக்கள் சுற்றிலும் விரிந்தன. 1860இல் மாட்ரிட் மறுபடியும் செர்தாவின் பக்கமே நின்றது. அரசி இரண்டாம் இசபெல் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டலோனியர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். 1714இன் தழும்பு ஆறாத ஊரில், எவ்வளவு நல்ல திட்டமானாலும் தலைநகரின் ஆணையாக வந்தால் கசக்கத்தான் செய்யும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஜுசெப் புஷ் இ காதஃபால்க் போன்ற பெருங்கலைஞர்கள் செர்தாவை வெறுத்தார்கள். ரொவிராவுக்கு இன்று கிராசியா பகுதியில் ஒரு சிலை இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் அவருடைய நிறைவேறாத வரைபடம். தோற்றவரை மறக்காத ஊர் என்ற அளவில் எனக்கு அது பிடித்திருக்கிறது.

1867இல் செர்தா தம் பெருநூலை வெளியிட்டார். நகராக்கத்தின் பொதுக் கோட்பாடு என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தொழிலாளர் பற்றிய அந்தப் பழைய புள்ளிவிவரத் தொகுப்பும் அதில் இணைக்கப்பட்டது. இன்று நாம் அன்றாடம் வழங்கும் நகரமயமாதல், நகராக்கம் ஆகிய சொற்களின் ஐரோப்பிய மூலத்தை ஒரு துறைச் சொல்லாக நிலைநிறுத்திய நூல் அது. தாம் பேசும் பொருளுக்குப் பெயர் இல்லையே என்று தவித்து, இலத்தீனில் தேடி, ஏர் என்ற பொருளோடு தொடர்புள்ள ஒரு வேரைப் பிடித்தார். ரோமானியர் புதிய நகர் அமைக்கும்போது ஏரோட்டி எல்லையைக் கீறுவது வழக்கம். உழுசாலிலிருந்து நகரத்துக்குச் சொல் எடுத்தவர்மேல் மொழியாசிரியன் ஒருவனுக்கு ஈர்ப்பு வருவது இயல்பு.

பெயர் கிடைத்ததும் வகைபிரிக்கத் தொடங்கினார். குகை, கல்லடுக்கு, குடிசை என மனிதன் ஒதுங்கிய முதல் வடிவங்களிலிருந்து தொடங்கி நகரம்வரை வரிசைப்படுத்தினார். நகரத்தின் உடலை இரண்டாகப் பகுத்தார். ஒன்று வழி, மற்றது வழிகளுக்கு இடைப்பட்ட நிலம். முன்னது அசைவுக்கு, பின்னது தங்குதலுக்கு. அவருக்கு வீடு என்பதே ஒரு சிறு நகரம். நடை அதன் தெரு, அறை அதன் கட்டம். இதை வாசித்தபோது நம் 'நகர்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. சங்க வழக்கில் நகர் என்பது ஊரை மட்டுமன்றி மாளிகையையும் வீட்டையும் கோயிலையும் குறிக்கும். அவர் கோட்பாடாகச் சொன்னதை நம் சொல் தன் பொருளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கைதட்டுவார்கள். அதற்குமேல் இதைக் கொண்டு நாம் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இனி, நடந்தது.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் தெருவுக்கான பங்கை விட்டுக்கொடுத்து, மீதி நிலத்தைக் கட்டத்துக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு பக்கம்தான் கட்டலாம் என்றால் மற்ற இரண்டு பக்கத்துக்காரர் என்ன செய்வார்? அவரும் கட்டினார். நான்கு பக்கமும் அடைபட்டுக் கட்டம் ஒரு பெட்டியாயிற்று. நடுவே தோட்டம் எஞ்சியதா என்றால், அங்கே பட்டறைகளும் கிடங்குகளும் பின்னாளில் வண்டி நிறுத்துமிடங்களும் வந்தன. சில கட்டங்களை ஊடறுத்துச் சந்து போட்டு அதன் இருபுறமும் வீடுகளை எழுப்பினார்கள். 16 மீட்டர் என்ற உயரம் விதிமுறை மாறுந்தோறும் ஏறியது. மேல்தளத்தின்மேல் இன்னொரு தளம், அதன்மேல் உள்வாங்கிய இன்னொன்று. ஒரு கட்டத்தில் அமையவேண்டிய கட்டடத்தின் மொத்தக் கன அளவு முதல் திட்டத்தில் சுமார் 67,000 கன மீட்டர். 1970களின் தொடக்கத்தில் விதிப்படி அனுமதிக்கப்பட்டது 2,90,000 கன மீட்டருக்கும் மேல். நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. பிறகு 1976ஆம் ஆண்டின் பெருந்திட்டம்தான் அதைச் சற்றுக் குறைத்தது.

ஒன்று கவனியுங்கள். தெருவின் 20 மீட்டரை எவரும் 15 ஆக்கவில்லை. கட்டத்தின் 113.3 மீட்டர் அப்படியே இருக்கிறது. வெட்டிய மூலைகள்கூடத் தப்பின. தப்பாதது உயரமும் உள்வெளியும். காரணம் எளியது. தெரு எல்லோருக்கும் சொந்தம், அதன் இருபுறத்துக்காரரும் அதைக் காவல்காத்தார்கள், அதில் ஒருவர் கைவைத்தால் எதிர்வீட்டுக்காரர் கேட்பார். தோட்டமாக வேண்டியிருந்த உள்வெளியோ தனியாரின் பட்டாவுக்குள் கிடந்தது. அங்கே காற்றுக்கு வாதாட ஆள் இல்லை. நோயை எண்ணால் நிறுவியவர் மருந்தையும் எண்ணாகவே எழுதிக் கொடுத்தார். எண்ணாக எழுதியதைப் பேரம் பேசலாம். 16 என்று எழுதிய இடத்தில் 20 என்று எழுத ஒரு கூட்டமும் ஒரு கையொப்பமும் போதும். செர்தாவின் எண்கள் பொய்யாகவில்லை. அவற்றில் எவை விலைபோகும் என்பதை அவர் கணக்கிடவில்லை, அவ்வளவே. அவர்மீது எனக்குள்ள ஒரே குறை இதுதான். கூலியையும் வாடகையையும் அவ்வளவு நுணுக்கமாக அளந்தவர் நிலவுடைமையாளனின் ஆசையை அளக்காமல் விட்டது வியப்பு.

நம் காலத்து அளவைகளுக்கு வருவோம். 2014இல் ரெமி லூஃப், மார்க் பார்தெலெமி என்னும் இரு ஆய்வாளர்கள் உலகின் 131 நகரங்களை எடுத்து, தெருக்களுக்கு இடைப்பட்ட கட்டங்களின் பரப்பையும் வடிவத்தையும் கணக்கிட்டு, எல்லா நகரங்களையும் நான்கே வகைக்குள் அடக்கிக் காட்டினார்கள். 2019இல் ஜெஃப் போயிங் என்பவர் நூறு நகரங்களின் தெருக்கள் எந்தத் திசை நோக்கி ஓடுகின்றன என்று கணித்து, அவற்றை ஒழுங்கின் வரிசையில் நிறுத்தினார். சிகாகோ மிக ஒழுங்கான நகரம் என்று அதில் கண்டோம். இவை சிறந்த ஆய்வுகளே. கைரேகை பார்ப்பதுபோல ஒரு நகரின் தெருவலையைப் பார்த்து இது இன்ன வகை என்று சொல்ல முடிவதில் ஒரு வியப்பு உண்டு.

ஆனால் இவை அளப்பவை செர்தா வென்ற பகுதியை மட்டுமே. தெருக்கோட்டை வைத்து வகைபிரித்தால், ஐஷாம்ப்ளா எனப்படும் அந்த விரிவுப் பகுதி இன்றும் 1859இன் வரைபடம்தான். அவர் வென்றுவிட்டார். கன அளவை வைத்துப் பார்த்தால் அவர் எந்த ஊரை எதிர்த்துப் போராடினாரோ அதை நோக்கியே அது நெடுந்தொலைவு போய்விட்டது. ஒரே நகரம், இரண்டு அளவுகோல், இரண்டு தீர்ப்பு. வானிலிருந்து எடுத்த படத்தில் உயரம் தெரியாது. என் மாணவர் கண்டு வியந்த ஒழுங்கில் நான்கு மடங்கு கட்டடம் ஒளிந்திருந்தது.

நம்மூரில் வீடு வாங்கப் போகிறவர்கள்கூட இப்போது எஃப்.எஸ்.ஐ. பற்றிப் பேசுகிறார்கள். மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அந்த விகிதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செர்தாதான் நினைவுக்கு வருகிறார். விகிதம் எங்கிருந்து வந்தாலும், அதன் பின்னால் ஒருவர் மூச்சுவிடுவதற்கு எத்தனை கன மீட்டர் வேண்டும் என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்வி எப்போது உதிர்ந்தது என்று தெரியாமலே எண் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டட விளம்பரங்களில் அது கூடுதலாக இருப்பது சிறப்பாகச் சொல்லப்படுகிறது.

செர்தா 1873இல் முதல் ஸ்பானியக் குடியரசின்போது மாகாண சபையில் பொறுப்பு வகித்தார். குடியரசு நீடிக்கவில்லை. கையிலிருந்த செல்வம் கரைந்திருந்தது, செய்த வேலைக்கு உரிய ஊதியமும் வந்து சேரவில்லை. 1876 ஆகஸ்டில் வடக்கே கால்தாஸ் தெ பெசாயா என்ற வெந்நீரூற்று ஊரில் காலமானார். பார்சலோனாவில் அவர் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது. வண்டிகள் சுற்றிச் சுற்றிப் போகும் பெரிய போக்குவரத்துச் சந்திப்பு அது. வண்டிகள் திரும்புவதற்காக மூலையை வெட்டியவருக்கு அது மரியாதையா, கேலியா என்று சொல்வது கடினம்.

1980களில் ஐஷாம்ப்ளாவில் ரொஜர் தெ லூரியா தெருவில் ஒரு கட்டத்தின் உள்வெளியை நகராட்சி மீட்டது. செர்தா காலத்துத் தண்ணீர்க் கோபுரம் ஒன்று அதன் நடுவே நின்றுகொண்டிருந்தது. 1996இல் இதற்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். எல்லாத் தோட்டங்களையும் மீட்க முடியாது என்பது தெரிந்ததால் ஒன்பது கட்டத்துக்கு ஒரு தோட்டம் என்று இலக்கு வைத்தார்கள். ஒன்பது கட்டம் என்பது அதே 400 மீட்டர்ச் சதுரம். தண்ணீர்க் கோபுரத்தின் அடியில் கோடைக்காலத்தில் ஆழமில்லாத குளம் ஒன்றில் நீர் நிரப்புகிறார்கள். தெருவிலிருந்து ஒரு குறுகிய நடை வழியாக உள்ளே நுழைந்தால், நான்கு பக்கமும் ஏழெட்டு மாடிச் சுவர்களுக்கு நடுவே குழந்தைகள் நீரில் ஆடிக்கொண்டிருப்பார்களாம்.